நடுவில் ஒரு காற்றுக் கோபுரத்தையும் காட்டுங்கள்

அமீரகத்தில் உள்ள இந்தியப் பள்ளிகளின் முதல்வர்களுக்கும், பீல்டு டிரிப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

துபாய் எக்ஸ்போ சிட்டியில் இருக்கும் டெர்ரா என்ற சுற்றுச்சூழல் கண்காட்சியையும், ஷார்ஜா இஸ்லாமிய நாகரிக அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் பிள்ளைகளுக்குக் காட்டுவது நல்ல திட்டம். ஆனால் காலையில் பார்ப்பது அறிவியல் பாடம், மதியம் பார்ப்பது சமூக அறிவியல் பாடம் என்று பிரித்துவிடுகிறீர்கள். என் மகள் கொண்டுவந்த இரண்டு ஒர்க்‌ஷீட்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

டெர்ராவின் கூரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோலார் பேனல்கள் இருக்கின்றன. பிள்ளைகள் போட்டோ எடுப்பது அவற்றைத்தான். ஆனால் கண்காட்சிக் கூடங்களில் பெரும்பகுதி தரைக்குக் கீழே இருப்பதையும், மேலே அவ்வளவு பெரிய நிழற்கூரை விரிந்திருப்பதையும் யாராவது சுட்டிக்காட்டினால்தான் கவனிப்பார்கள். வெயிலை உள்ளே விட்டுவிட்டு அப்புறம் ஏசி போட்டுத் துரத்தாமல், வாசலிலேயே நிறுத்தும் வேலை அது. இங்கே மின்சாரம் வருவதற்கு முன்பு வீடு கட்டியவர்களும் அப்படித்தான் யோசித்தார்கள்.

அவர்களுடைய பர்ஜீலை, அதாவது காற்றுக் கோபுரத்தைப் பார்க்கத் துபாயின் பழைய குடியிருப்புப் பகுதியான அல் பஹீதிக்குப் போகலாம். நாலு பக்கமும் திறந்த கோபுரம். உள்ளே குறுக்குச் சுவர்கள். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் ஒரு பக்கம் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும், சூடான காற்று மறுபக்கம் வழியாக மேலே போய்விடும். இப்பகுதியின் பழைய வீடுகளின் சுவர்கள் பவளக்கல்லும் ஜிப்சமும். அபுதாபியின் மஸ்தார் சிட்டியில் இதே யோசனையை வைத்து 45 மீட்டர் உயரத்தில் ஒரு காற்றுக் கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். இதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஷார்ஜா போகும் பிள்ளை, அங்கே மரத்திலும் ஓட்டிலும் இருக்கும் வடிவங்களை வெறும் அலங்காரமாகப் பார்க்காது. கவராயமும் அளவுகோலும் கொண்டு வரையக்கூடிய அந்தக் கட்டங்களை மரச்சட்டத்தில் கடைந்து ஜன்னலில் மாட்டினால் மஷ்ரபியா: வெளிச்சமும் காற்றும் வரும், வெயில் வடிகட்டப்படும். 2012இல் முடிந்த அபுதாபி அல் பஹர் அலுவலகக் கோபுரங்களில் இதே மஷ்ரபியா வெயில் நகர நகரக் கணினிக் கட்டளையில் விரிந்து மடங்குகிறது. ஒன்பதாம் வகுப்பு வடிவியலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

“மத அருங்காட்சியகத்துக்கு ஏன் போகவேண்டும்?” என்று முணுமுணுக்கும் பெற்றோர் உண்டு. அங்கே இப்னு அல் ஹைதம் பெயரில் அறிவியலுக்கென்றே ஒரு கூடம் இருப்பதைச் சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்த்தால் போதும், பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள்.

இன்னும் இரண்டு வேண்டுகோள். டிசம்பர், ஜனவரியில் போகாதீர்கள். குளிர்ந்த காற்றில் நின்றால் பர்ஜீலின் அருமை யாருக்கும் தெரியாது. ஏப்ரலில், கொஞ்சம் வியர்க்கட்டும், தண்ணீர் பாட்டிலோடு கூட்டிப் போங்கள். அதற்கு நேரம் வேண்டும் என்றால் ஒர்க்‌ஷீட்டில் பாதியை வெட்டுங்கள்.

அப்புறம், பிள்ளைகள் உள்ளே சூழலைக் கெடுக்காத நகரம் பற்றிப் படித்துக்கொண்டிருக்கும்போது வெளியே பள்ளிப் பேருந்துகள் ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு நிற்கின்றன. அதை அணைத்துவைக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர்களும் உள்ளே வந்து உட்காரலாம். அவர்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கப் பெற்றோர் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய், ஷார்ஜா