பின்பலகையை அளந்துவிட்டு இஞ்சினைத் தாருங்கள்

மானியத்தில் எங்கள் கரைகளுக்கு, போட்டின் பின்னால் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரம் தரும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

யாருக்கு எந்த இஞ்சின் தந்தீர்கள் என்பது உங்கள் கோப்பிலேயே இருக்கும். சென்ற கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன். மூதூரிலிருந்து கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்து வந்துகொண்டிருந்தோம். அலை போட்டின் பின்பக்கத்தைத் தூக்கியதும் இஞ்சின் அலறியது, போட் நகரவில்லை. புரொப்பெல்லர் காற்றைப் பிடித்துவிட்டது. இஞ்சினைக் குளிரவைத்துப் பக்கத்தால் கம்பி போலப் பீச்சும் தண்ணீர் துப்பித் துப்பி நின்றுபோனது. மூடியில் கை வைத்த மச்சான் சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டான். இஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போட்டோம்.

எல்லாம் 5 அங்குலத்தால் வந்தது. எங்கள் போட்டில் இஞ்சின் பூட்டும் பின்பலகை 20 அங்குல உயரம். தந்ததோ 15 அங்குலப் பலகைக்கான கட்டை ஷாஃப்ட், அதாவது புரொப்பெல்லர் வரை இறங்கும் தண்டு கட்டையான இஞ்சின். புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டு போட்டின் அடிமட்டத்தோடு சமமாக, அல்லது ஒரு அங்குலம் வரை கீழே நிற்கவேண்டும். எங்களுடையது மேலே நிற்கிறது.

சொன்னால், "பலகையை வெட்டுங்கள்" என்கிறார்கள். பக்கத்துப் போட்காரர் அப்படித்தான் வெட்டினார். இப்போது வேகத்தைக் குறைத்தாலே பின்னால் வரும் அலை உள்ளே ஏறுகிறது. வெட்டிய இடத்தில் ஃபைபருக்குள் இருக்கும் மரம் தண்ணீர் குடித்து ஊதிவிட்டது. இஞ்சினின் முழுப் பாரத்தையும் அந்த மரம்தான் தாங்குகிறது, ஐயா. இன்னொருவருக்குத் தாழ்ந்த பலகைக்கு லோங் ஷாஃப்ட் வந்தது. அது தண்ணீரை உழுதுகொண்டு போகிறது, மண்ணெண்ணெய் கரைகிறது.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: இஞ்சின் தருமுன் பலகையை அளந்து பாருங்கள்.

பழுது என்று போனால், பிழையாகப் பூட்டியது எங்கள் குற்றமாம். சரியாகப் பூட்டுவதை எங்களுக்கு யார் காட்டித் தந்தார்கள்? விண்ணப்பத்தில் அடையாள அட்டை இலக்கம், போட் பதிவு இலக்கம், கையெழுத்துக்கு மேல் கையெழுத்து. பலகை உயரம் எழுத ஒரு வரி இல்லை. பிள்ளைகளைக் கரையில் விட்டுவிட்டு விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் நாங்கள். அந்த ஒரு வரிக்குக்கூடவா தகுதி இல்லை? கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாடை தொடங்குமுன் ஒரு நாள் அளவு நாடாவோடு ஒரு மெக்கானிக்கை எங்கள் கரைக்கு அனுப்புங்கள். பலகையை அளந்து, ஷாஃப்ட் பொருந்தாத இஞ்சினை மாற்றித் தாருங்கள். பொருந்துவதைக் கடலில் ஓட்டிப் பார்த்து, தேவையானால் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ பூட்டித் தாருங்கள். நாளைச் சொன்னால் போட்டுகளைக் கரையில் ஏற்றி வைக்கிறோம்.

இப்படிக்கு,
திருகோணமலைக் கடற்றொழிலாளி ஒருவன்