கையில் ஒரு பெருக்கல் குறி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. இங்கே பத்து நாளாக மழை விட்டபாடில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து பாட்டுத்தான் கேட்கிறேன்.

எல்லாம் 1980-ஐ ஒட்டி வாஷிங்டன் பையன்கள் பாடிய ஹார்ட்கோர் பங்க் என்ற அதிவேக, ஆவேச ராக் பாட்டுகள். அந்த வேகத்தை அவர்களுக்குக் காட்டியது பேட் பிரெய்ன்ஸ் என்ற கறுப்பின இளைஞர்களின் குழு. மைனர் திரெட் என்ற இன்னொரு குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ பாட்டு 46 விநாடிதான். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும். ராக் என்றாலே குடியும் போதையும் என்றிருந்த காலத்தில், இருபது வயதுகூட ஆகாத அதன் பாடகர் இயன் மெக்காய் அதெல்லாம் எனக்கு வேண்டாம் என்று அதில் கத்துகிறார். ஊரை எதிர்ப்பது சுலபம் சேகர். ஊரை எதிர்க்கிற கூட்டத்துக்குள்ளேயே தனித்து நிற்பதுதான் கஷ்டம். அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கிறது.

மது விற்கும் கிளப்களில் சின்னப் பையன்களை விடமாட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கிளப்பில் மட்டும் புறங்கையில் கறுப்பு மையால் பெரிய பெருக்கல் குறி போட்டு உள்ளே அனுமதித்தார்களாம், மது கொடுக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாக. அந்த வழக்கத்தை மெக்காயும் நண்பர்களும் வாஷிங்டனுக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் வயது வந்தவர்களும், குடிக்காதவர்கள் என்று காட்ட, தாமாகவே போட்டுக்கொண்டார்கள்.

குடிக்காமல் இருப்பதும் ஒரு சட்டமாகிவிடுமோ என்று மைனர் திரெட் குழுவுக்குள்ளேயே சண்டை வந்திருக்கிறது. 1983-இல் ‘அவுட் ஆஃப் ஸ்டெப்’ என்ற பாட்டை மறுபடி பதிவு செய்தபோது, இது யாருக்கும் விதி அல்ல, உங்களை இப்படி இருங்கள் என்று சொல்லவில்லை என்று நடுவில் பேசியே சேர்த்தார் மெக்காய். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். அவருடைய முந்தைய குழுவான டீன் ஐடில்ஸ் கலைந்தபோது, கச்சேரிகளில் சேர்ந்த சில நூறு டாலரைப் பங்கு போடாமல் இசைத்தட்டு போட்டார்கள். டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு நிறுவனம் பிறந்தது அப்படித்தான். வேறொரு தட்டின் உறையைப் பிரித்து, அளவு பார்த்து, ஆயிரம் உறைகளையும் தாங்களே வெட்டி மடித்து ஒட்டினார்கள்.

படித்ததும் நம் விடுதி அறைதான் ஞாபகம் வந்தது. சைக்ளோஸ்டைல் தாள்கள், மைதா பசை, விடிய விடிய ஒட்டி விறைத்துப்போன விரல்கள். நம் பத்திரிகையின் இரண்டாவது இதழ் உன்னிடம்தான் இருக்கும். பரணில் தேடிப்பார். தைக்கு வரும்போது எடுத்து வா.

அன்புடன்,
ரவி