என் தம்பியை உயிரோடு வைத்திருந்தவர்களுக்கு

எங்கள் தொடர்மாடிச் சனத்துக்கும், புறக்கோட்டை முதலாளி ஐயாவுக்கும், 1990 இலக்கத்துக்கு எடுத்தால் வரும் அம்புலன்ஸில் வந்த பெயர் தெரியாத தம்பிமாருக்கும் வணக்கம். என் தம்பி மறுபடி வேலைக்குப் போகிறான்.

நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை தூக்கும் நாட்டாமி அவன். 2022இல் சாமான் விலை ஏறி, லொறிகள் குறைந்தபோது, வேலை கிடைத்த நாளில் இரண்டு ஆள் சுமையைத் தனியாகத் தூக்கினான். உடம்பு நோவு போகும் என்று யாரோ கொடுத்த போதைத் தூளில் தொடங்கியது. பிறகு தூள் இல்லாவிட்டால் வரும் நோவுக்குப் பயந்தே புகைத்தான்.

மூன்றாம் மாடி அக்கா, உதடு நீலமாகி அவன் படிக்கட்டடியில் கிடந்தபோது, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைத் துடைத்து, 1990க்கு எடுத்தது நீங்கள். பொலிஸ் வருமென்று கதவைச் சாத்தியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பயம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அம்புலன்ஸ் தம்பி ஒரு வார்த்தை குத்திக் கதைக்கவில்லை. "என்ன எடுத்தவர் என்று ஒளிக்காமச் சொல்லுங்க அக்கா" என்று மட்டும் கேட்டார்.

ஆலோசகர் மிஸ், நீங்கள் தமிழில் ஆறுதலாக விளங்கப்படுத்திய பிறகுதான் நடந்தது புரிந்தது. அவன் அப்போது சிறைக்குள்ளே இருந்து வந்து சில கிழமைதான். மாதக்கணக்கில் எடுக்காத உடம்புக்குப் பழைய அளவே எமனாகிவிடுமாம். வெளியே விடும்போது இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்! "திரும்ப விழுந்தாலும் என்னட்ட வரட்டும், அறையைப் பூட்டிக்கொண்டு தனியா இருக்க விடாதீங்க" என்றீர்கள். விழுந்தான், உங்களிடம் வந்தான், நீங்கள் முகம் சுளிக்கவில்லை.

தேத்தண்ணிக் கடை மாமா, திருந்திவிட்டு வா என்று நீங்கள் சொன்னதே இல்லை. அவன் புகைத்துத் திரிந்த நாளிலும் காலையில் பாணும் பருப்பும் சூடாக வைத்தீர்கள். அந்தச் சாப்பாடு இல்லாவிட்டால் சிகிச்சை தாங்கும் உடம்பே அவனுக்கு இருந்திருக்காது.

முதலாளி ஐயா, பாரம் தூக்கவிடாமல் தராசடியில் நிறுத்தியிருக்கிறீர்கள். அவன் கேட்டபடியே சம்பளத்தில் பாதியை என் கையில் தருகிறீர்கள். அம்மா உங்களுக்காகக் கோயிலில் விளக்கு வைக்கிறா.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். தனியாகக் கதைக்கப் பயமென்றால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து எடுப்போம்.

அன்புடன்,
அவனுடைய அக்கா
முகத்துவாரம், கொழும்பு 15