அந்த இரண்டு பக்கங்களை எடுத்துவிடுங்கள்: எங்கள் தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணாவுக்கும் செயலாளர் அக்காவுக்கும் செயற்குழு நண்பர்களுக்கும்,

வணக்கம். பொங்கல் மலரின் 42, 43-ஆம் பக்கங்களைப் பற்றி ஏற்கெனவே இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். முதல் மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, "இது வெறும் டேட்டாதானே தம்பி, யாரையும் பெயர் சொல்லி எழுதவில்லையே" என்று ஒரு வரி வந்தது. கூடவே ஒரு கும்பிடும் கை. ஆகவே மூன்றாவதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபத்தில் எழுதியதை நேற்று இரவே அழித்துவிட்டேன்.

படம் உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் குடும்ப வருமானம் என்று தலைப்பு. மூன்று பட்டைகள். உயரமானது நாம். நடுவில் ஹங்கேரிய வம்சாவளியினர். குட்டையாக, சாம்பல் நிறத்தில், ஸ்லாவிய வம்சாவளியினர். கீழே விளக்கம்: ஹங்கேரியரிடம் அறிவு இருந்தது, உயர்ந்தார்கள், ஸ்லாவியரிடம் முன்னேறும் வேட்கை இல்லை, தேங்கிவிட்டார்கள், நம்மிடம் இரண்டும் இருக்கின்றன. இதோடு விட்டிருந்தால்கூடச் சரி, யாரோ அவசரத்தில் எழுதியது என்று பக்கத்தைப் புரட்டியிருப்பேன். அதையே பிள்ளைகளின் பேச்சுப் போட்டிக்கு மாதிரி உரையாகவும் கொடுத்தீர்கள். விழா மேடையில் பத்து வயதுக் குழந்தை அதை மனப்பாடமாக ஒப்பித்தது; பின்னால் திரையில் அந்தப் பட்டைகள், ஆங்கிலப் பெயர்களோடு. நாம் கைதட்டினோம்.

மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரப் பாட்டி உட்கார்ந்திருந்தார். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பிட்ஸ்பர்க்கை ஒட்டிய மன்ஹாலில் அவர் வீட்டு மாடியில்தான் இந்த ஊருக்கு வந்த புதிதில் குடியிருந்தேன். அன்றைக்கு என்னிடம் சோஷியல் செக்யூரிட்டி எண் கிடையாது, கிரெடிட் ஸ்கோர் கிடையாது. நான்கு அடுக்குமாடி அலுவலகங்களில் கையை விரித்துவிட்டார்கள். இவர் என் பாஸ்போர்ட்டைக்கூடப் பார்க்கவில்லை. "சாப்பிட்டாயா?" என்று கேட்டார், சாவியைக் கொடுத்தார், முன்பணம் முதல் சம்பளம் வந்தபிறகு என்றார். பொங்கலுக்கு ஆண்டுதோறும் பியரோகி செய்து எடுத்துவருவார். உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த கொழுக்கட்டை என்று நாம்தான் அதற்குப் பெயர் வைத்தோம்.

பாட்டி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இதில் நான் எது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பாட்டியின் அப்பா வழி ஹங்கேரியர். அவர் கணவர், எட்டு ஆண்டுகளுக்கு முன் காலமானவர், ருசின் இனத்தவர். கார்பாத்திய மலைச்சரிவில் ஸ்லாவிய மொழி பேசிய மக்கள். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஒரே பள்ளியில் படித்தவர்கள். நம் மலரின்படி மனைவி நடுப்பட்டை, கணவர் குட்டைப்பட்டை. நாற்பத்தொன்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் ஒரே சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர்கள். அந்தச் சம்பளத்தில் எது அறிவால் வந்தது, எது வேட்கை இல்லாமல் குறைந்தது என்று கட்டுரையாளர் பிரித்துக் காட்டினால் கற்றுக்கொள்கிறேன்.

அந்தச் சம்பளத்தைப் பற்றியும் சொல்கிறேன். தாத்தா ஹோம்ஸ்டெட் உருக்காலையில் இருபத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். 1986-ல் ஆலை மூடப்பட்டபோது அவருக்கு வயது நாற்பத்துமூன்று. புதிதாக ஒரு தொழில் கற்க வயது கடந்துவிட்டது, ஓய்வுபெற வயது வரவில்லை. கடைசியில் ஒரு பள்ளியில் தரை துடைக்கும் வேலை கிடைத்தது, பாதிச் சம்பளத்துக்கு. பாட்டி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு ஷிப்டுக்குப் போனார். வீட்டை விற்று வேறு ஊருக்குப் போகலாம் என்றால் வாங்க ஆள் இல்லை. தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதே விற்பனைப் பலகை. அந்தக் காலத்தில் தாத்தா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு தினமும் காலை வேலைக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பி, ஆற்றங்கரையில் காரை நிறுத்திவிட்டு, மதியம் டப்பாவைக் காலி செய்துகொண்டு வீடு திரும்புவாராம். பாட்டிக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஐந்து மாதம் தினமும் டப்பாவில் சாண்ட்விச் வைத்துக் கொடுத்தார். இதை என்னிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

அந்த ஆலை இருந்த இடம் உங்களுக்கும் தெரியும். இன்று அது வாட்டர்ஃபிரண்ட் வணிக வளாகம். வரிசையாக நிற்கும் அந்தப் பழைய செங்கல் புகைபோக்கிகளுக்கு முன்னால் நின்று நாம் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்கிறோம். போன ஆண்டு மலரின் அட்டையே அதுதான்.

ஆகவே கேட்கிறேன்: அந்த இரண்டு பக்கங்களை எடுத்துவிடுங்கள்.

டேட்டா என்றீர்கள். சரி, டேட்டாவையே பேசுவோம். 'ஹங்கேரியர்' என்ற பட்டைக்குள் யார் யார் இருக்கிறார்கள்? நிலக்கரி தோண்ட வந்தவனின் கொள்ளுப்பேரன் இருக்கிறான். 1930-களில் வந்த புடாபெஸ்ட் யூத விஞ்ஞானிகளின் வழிவந்தவர்களும் அதே பட்டையில்தான். ஃபான் நாய்மன், சிலார்ட், விக்னர், டெல்லர் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள். 1956 புரட்சி நசுக்கப்பட்டபின் அமெரிக்கா சேர்த்துக்கொண்ட முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகளும் அதில் அடக்கம். அவர்களில் மாணவர்களும் பொறியாளர்களும் நிறைய. பலர் முதலில் இறங்கியது நியூ ஜெர்சியில் கேம்ப் கில்மர் முகாமில். அந்த அலையில் தப்பி 1957-ல் வந்து சேர்ந்த ஒரு இளைஞர்தான் பின்னாளில் இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவ். இவர்களையெல்லாம் சுரங்கத்தில் மாண்டவனின் குடும்பத்தோடு கூட்டி வகுத்தால் பட்டை உயரத்தான் செய்யும்.

'ஸ்லாவியர்' அதைவிடக் கூத்து. போலந்துக்காரர், செக், ஸ்லோவாக், ருசின், உக்ரேனியர், ரஷ்யர், செர்பியர், குரோவாசியர், ஸ்லோவேனியர், பல்கேரியர், இத்தனை பேருக்கும் ஒரே பட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே குடும்பத்தோடு வந்து டெக்சாஸிலும் நெப்ராஸ்காவிலும் நிலம் வாங்கிய செக் விவசாயியும் இதில்தான். நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பலாம் என்று தனியாளாக பென்சில்வேனியச் சுரங்கத்துக்கு வந்த ஸ்லோவாக்கும் இதில்தான். 2022 போருக்குப்பின் வந்த உக்ரேனியப் பெண்ணும் இதில்தான். ரஷ்ய வம்சாவளி என்று எழுதுபவர்களில் பெரும்பகுதி ஜார் ஆட்சிக்குத் தப்பி வந்த யூதர்களின் வாரிசுகள். அவர்களை ஸ்லாவியர் என்று சொன்னால் அவர்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதத்தைக் கட்டாயக் கேள்வியாக்க 1976-ஆம் ஆண்டுச் சட்டம் தடைவிதிக்கிறது. ஆகவே இவர்களை எந்த அரசுப் பட்டியலும் பிரித்துக் காட்டாது. ருசின்களோ, ஆய்வாளர்கள் ஆறு லட்சம் பேர் இருப்பார்கள் என்கிறார்கள். கணக்கெடுப்பில் அப்படி எழுதுபவர்கள் சில ஆயிரம். மற்றவர்கள் ஸ்லோவாக் என்றோ, ரஷ்யர் என்றோ, ஏன், ஹங்கேரியர் என்றோகூட எழுதியிருப்பார்கள். அவர்கள் கிளம்பிவந்தபோது ஊர் ஹங்கேரிய அரசுக்குள் இருந்தது. 1918-க்குப்பின் அதே ஊர் செக்கோஸ்லோவாக்கியா ஆனது. ஓவியர் ஆண்டி வார்ஹோலின் பெற்றோர் அப்படித்தான். மிக்கோவா கிராமத்து ருசின்கள், பிறந்தபோது ஹங்கேரி மன்னரின் குடிமக்கள். நம் பிட்ஸ்பர்க்கின் பெருமைக்குரிய மகனை எந்தப் பட்டையில் வைக்கப்போகிறீர்கள்?

இன்னொன்று. குடும்ப வருமானம் என்றால் கூரைக்குக் கீழ் இருப்பவர்கள் எல்லாரும் சம்பாதிப்பது. கணவன் மனைவி இருவரும் ஐடியில் இருக்கும் முப்பத்தெட்டு வயது வீடு ஒன்று. தனியாகப் பென்ஷனில் இருக்கும் எண்பது வயதுப் பாட்டி வீடு ஒன்று. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி வேட்கை அளக்கிறோம்.

நம் பட்டைக்கு வருவோம். 1965 குடியேற்றச் சட்டமும் அதன்பின் எச்-1பி விசாவும் கடல் தாண்டவிட்டது யாரை என்று நமக்குத் தெரியாதா? பட்டம், வேலைக் கடிதம் எல்லாம் சரிபார்த்துச் சலித்து எடுத்து அனுப்பினார்கள். சலித்த மாவைப் பார்த்து, கப்பியே இல்லாத தானியம் எங்களுடையது என்று பெருமைப்பட்டால் எப்படி? தமிழர் என்ற ஒரே பட்டைக்குள் நுவரெலியாவில் கொழுந்து பறிப்பவரின் கூலியையும் சேருங்கள். பிறகு பார்ப்போம் எவ்வளவு உயரம் என்று.

சரி, தடம் மாறிப்போகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. குடியேறிகளை இனவாரியாகப் பட்டியல் போட்டு யார் உசத்தி யார் மட்டம் என்று பார்ப்பது நம் கட்டுரையாளரின் கண்டுபிடிப்பு இல்லை. 1907-ல் அமைக்கப்பட்ட அமெரிக்க நாடாளுமன்றத்தின் டில்லிங்ஹாம் குழு அதைச் செய்தது. 1911-ல் முடித்தபோது 41 தொகுதிகள். கூலி எவ்வளவு, எழுத்தறிவு எவ்வளவு என்று ஸ்லோவாக்குக்கும் மாகியாருக்கும் (ஹங்கேரியருக்கும்) போலந்துக்காரருக்கும் தனித்தனிக் கட்டங்கள். அந்தக் கட்டங்களின் முடிவு 1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம்: ஹங்கேரியிலிருந்து ஆண்டுக்கு 473 பேர், யூகோஸ்லாவியாவிலிருந்து 671 பேர். ஆசியர்களுக்கு அதே சட்டத்தில் கதவே சாத்தப்பட்டது. இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று ஒரு சன்னல் திறந்ததே 1946-ல்தான். நாம் இப்போது சங்கச் செலவில் 42-ஆம் தொகுதியை அச்சடித்திருக்கிறோம். பக்க எண்ணும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

அந்தக் காலத்தில் இந்த ஊர் முதலாளிகளும் மேஸ்திரிகளும் ஹங்கேரியர் வேறு ஸ்லாவியர் வேறு என்று பார்க்கவில்லை. எல்லாருக்கும் ஒரே வசைச்சொல்: 'ஹங்கி'. ஹங்கேரியன் என்பதைத் திரித்தது, ஸ்லோவாக்குக்கும் அதேதான். 1897-ல் பென்சில்வேனியாவின் லாட்டிமரில் ஆயுதமில்லாமல் ஊர்வலம் போன சுரங்கத் தொழிலாளர்களை ஷெரிஃபின் ஆட்கள் சுட்டு 19 பேர் செத்தபோதும் பாஷை விசாரித்துச் சுடவில்லை. ஷெரிஃப் விடுதலையானார்.

பாட்டியின் தாத்தாவுக்கு அண்ணன் ஒருவர் உண்டு. அவர் இருப்பது இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவில், ஆலிவ் பிராஞ்ச் கல்லறையில். 1907 டிசம்பர் 19-ல் டார் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 239 பேர் இறந்தார்கள். நிறையப் பேர் ஹங்கேரியர். அன்று பழைய நாட்காட்டிப்படி புனித நிக்கோலஸ் திருநாள். அந்த நாட்காட்டியைப் பின்பற்றி, வேலைக்குப் போகாமல் கோயிலுக்குப் போன கிழக்கத்திய கிறித்தவ சபைக்காரர்கள் பிழைத்துக்கொண்டார்கள். பாட்டியின் கணவர்வழித் தாத்தா அப்படிப் பிழைத்தவர் என்று அவர்கள் வீட்டில் சொல்வார்கள். பொதுக்குழியில் 71 பேர்; அதில் 49 பேர் யாரென்றே தெரியவில்லை. ஒருவர் குழிக்குள் போனதும் ஒருவர் கோயிலில் இருந்ததும் நாட்காட்டியின் பதின்மூன்று நாள் வித்தியாசத்தால். வேட்கை என்ற சொல்லை அந்தக் குழியின் பக்கத்தில் நின்று ஒருமுறை சொல்லிப்பாருங்கள்.

பென்சில்வேனியாவில் விபத்து இழப்பீட்டுச் சட்டம் வந்ததே 1915-ல். அதுவரை செத்தவனைப் புதைக்கக் காசு கொடுத்தவை அவர்களே நடத்திய சங்கங்கள். 1886-ல் ஹேசல்டனில் பதின்மூன்று ஹங்கேரியச் சுரங்கத் தொழிலாளர்கள் சேர்ந்து ஒன்று தொடங்கினார்கள். 1890-ல் பிட்ஸ்பர்க்கிலேயே ஸ்லோவாக்குகள் ஒன்று. ஆமாம், அவர்களும் சங்கம் வைத்தவர்கள்தான். பிணப்பெட்டிக்கும் விதவைக்கும். நாம் பிரியாணிக்கு டோக்கன் அச்சடிக்கிறோம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பிரியாணி நன்றாகத்தான் இருந்தது.

மன்னிக்கவும், இது கடுமையாகிவிட்டது. நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இணையத்தில் இருக்கும் மலரிலிருந்து அந்த இரண்டு பக்கங்களை எடுத்துவிடுங்கள். பேச்சுப் போட்டி மாதிரி உரைகளிலிருந்து அதை நீக்குங்கள். மேடையில் பேசிய குழந்தையை யாரும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம்; அது நாம் எழுதிக்கொடுத்ததைப் பேசியது. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தந்தால் நேரில் வந்து பேசுகிறேன்.

அன்புடன்,
பதினான்கு ஆண்டுகளாகச் சந்தா கட்டும் உறுப்பினர்

பின்குறிப்பு: பாட்டியின் பியரோகித் தட்டு இன்னும் சங்க அலமாரியில் இருக்கிறது. அலுமினியத் தட்டு, அடியில் மாஸ்கிங் டேப்பில் அவர் கணவரின் பெயர் எழுதியிருக்கும். அவராகக் கேட்க மாட்டார். யாராவது எடுத்து வைத்தால் சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்.