கடையை மூடும் அண்ணாச்சிக்கும், ஊரடங்கில் எங்களைப் பட்டினி போடாத மற்றவர்களுக்கும்

அண்ணாச்சிக்கும், காய்கறி அக்காவுக்கும், பால் போட்ட தம்பிக்கும், எங்கள் ரேஷன் கடை ஊழியர்களுக்கும், மாநகராட்சியிலிருந்து வந்த தன்னார்வலர் தம்பிக்கும் வணக்கம்.

இந்த மாதக் கடைசியோடு அண்ணாச்சி கடையை மூடிவிட்டு, திருச்செந்தூர் பக்கம் சொந்த ஊருக்கே போகிறார். மூட்டுவலி, இனி நின்று வியாபாரம் பார்க்க முடியாது என்கிறார். 2020 கொரோனா ஊரடங்கில் நான் சொன்ன நன்றியெல்லாம் மாடியிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டதோடு சரி. அவர் ஊருக்குப் போவதற்குள் அதை விவரமாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. அயனாவரத்தில் எங்கள் தெருவில் இருப்பவர்களும் படிக்கட்டும்.

அந்த வருஷம் மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. மளிகை மாதிரி அத்தியாவசியக் கடைகளுக்கு விலக்கு உண்டு என்றார்கள், ஆனால் அதற்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் பகல் இரண்டரை வரை, ஏப்ரல் 5 முதல் ஒரு மணி வரை. ஆன்லைனில் ஆர்டர் போடலாம் என்று பார்த்தால், எந்த நாளுக்கும் நேரம் கிடைக்கவில்லை. பாரிமுனை மொத்தக் கடைகளுக்குப் போய்ச் சரக்கு எடுப்பதே பெரும்பாடு. போகிற வழியெல்லாம் தடுப்பு, போனாலும் கேட்டது கிடைக்காது. கிடைத்ததைக் கொண்டுவந்து, வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, மூக்குக்குக் கீழே இறங்கிவிடும் துணி முகக்கவசத்தை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டு விற்றார் அண்ணாச்சி.

பருப்பு விலை ஏறியபோது அவர் செய்ததை நான் இன்னும் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து, ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, பொருளுக்கு நேரே இரண்டு விலை எழுதிக் கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டார். ஒன்று அவர் வாங்கிய விலை, இன்னொன்று நமக்கு விற்கும் விலை. துவரம்பருப்பு, உளுந்து, பூண்டு, மிளகாய் வற்றல், கடலை எண்ணெய். விலை மாறினால் பழையதை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே புதியதை எழுதுவார். அதற்கப்புறம் எங்கள் தெருவில் யாரும் அவரிடம் விலையைப் பற்றிச் சண்டை போட்டதை நான் பார்க்கவில்லை. எந்த அதிகாரியும் அவரை அப்படி எழுதச் சொல்லவில்லை.

சென்னை, மதுரை, கோவைக்கு ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள் அல்லவா? முந்தின நாள் சனிக்கிழமை. ஊரே கடைத்தெருவில் நின்றது. காரில் வந்த ஒருவர் பத்துக் கிலோ துவரம்பருப்பு கேட்டார். அண்ணாச்சி, "வீட்டுக்கு அரைக்கிலோதான் சார். கடைசியா நிக்கவங்களுக்கும் வீட்டுல அடுப்பு இருக்குல்லா" என்றார். அந்த ஆள் கூடுதல் பணம் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. வரிசையின் கடைசியில் நின்றவர்கள் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலை செய்கிற பெண்கள். கையில் பணம் இல்லாததால் தாமதமாக வந்தவர்கள். அவர்களுக்கும் அரைக்கிலோ கிடைத்தது, பாதிப் பேருக்குக் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி மே 5ஆம் தேதி மூடிவிட்டார்கள். சில நாளில் மொத்த வியாபாரம் பூந்தமல்லி தாண்டித் திருமழிசைக்குப் போய்விட்டது. பஸ் கிடையாது, ரயில் கிடையாது. நாலைந்து தள்ளுவண்டிக்காரர்கள் சேர்ந்து ஒரு குட்டியானை பிடித்து நடுராத்திரியில் போவார்கள். மழை பெய்த நாட்களில் அங்கே முழங்கால் வரை சேறு என்பார் அக்கா. விடிந்ததும் அந்தச் சேறு காயாத சேலையோடு எங்கள் தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். அவருக்குச் சர்க்கரை வியாதி வேறு இருந்தது. "வூட்ல குந்திக்கினா யாரு சோறு போடுவா கண்ணு?" என்று கேட்டுவிட்டு வெண்டைக்காயை எடை போடுவார். அவர் பிழைப்புக்காகத்தான் வந்தார், அதை அவரே சொல்லுவார். அதனால் எங்கள் நன்றி ஒரு மாற்றுக்கூடக் குறையாது.

ஜூன் மாதம் என் வீட்டுக்காரருக்குத் தொற்று உறுதியானது. ஆம்புலன்ஸ் வந்து கேர் சென்டருக்கு அழைத்துப் போனது. வாசல் கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். 19ஆம் தேதி முதல் சென்னைக்கு மறுபடியும் கடும் ஊரடங்கு. 2 கிலோமீட்டருக்குள் நடந்துபோய்த்தான் சாமான் வாங்க வேண்டும் என்றார்கள், எங்களுக்கோ வாசற்படி தாண்டவே அனுமதி இல்லை. நான், பிள்ளைகள் இருவர், எண்பதைத் தொடப்போகும் என் மாமியார். எதிர் வரிசையில் சிலர் ஜன்னலைச் சாத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் பயம். அந்த வருஷம் டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம், தகுந்த அதிகாரியின் உத்தரவு இல்லாமல் இப்படி வீடுகளில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்றது.

நோட்டீஸ் ஒட்டிய அன்று மத்தியானமே அண்ணாச்சியிடமிருந்து போன். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டார். அப்புறம், "சீட்டை வாசிம்மா, எழுதிக்கிடுதேன்" என்றார். அரிசி, பருப்பு ஏதாவது போதும் அண்ணாச்சி, எது இருக்கிறதோ கொடுங்கள் என்றேன். அவர் விடவில்லை. "எப்பவும் வாங்குத பொன்னிதானே? உளுந்து முழுசா, உடைச்சதா? காப்பித்தூள் 80க்கு 20தானே? பெரியம்மாவுக்கு ரஸ்க் தீந்திருக்குமே, சர்க்கரை போடாததா பாத்து வைக்கேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஒரு வாரமாக எங்களிடம் பேசியவர்கள் எல்லோரும் பெயர், வயது, காய்ச்சல், தொடர்பில் இருந்தவர்கள் பட்டியல் என்று கேட்டார்கள். அது அவர்கள் வேலை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் எங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டவர் அண்ணாச்சி ஒருவர்தான். காப்பித்தூளில் சிக்கரி எவ்வளவு என்பது அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று எழுத்தில் புரியவைக்க முடியுமா தெரியவில்லை.

பணத்தைப் போனிலேயே அனுப்புகிறேன் என்றால், "சார் வரட்டும், பாத்துக்கிடலாம்" என்பார். மாடியிலிருந்து கயிற்றில் பையை இறக்குவேன். மாநகராட்சி எங்களைப் போன்ற வீடுகளுக்கென்றே தன்னார்வலர்களைப் போட்டிருந்தது. எங்களுக்கு வந்த தம்பி கல்லூரி முடித்த பையன். அண்ணாச்சி கடையிலிருந்து சாமானையும், மருந்துக் கடையிலிருந்து மாமியாரின் பிரஷர் மாத்திரையையும் வாங்கி வந்து பையில் போட்டுவிட்டு, "இழுங்க ஆன்ட்டி" என்று குரல் கொடுப்பான். மாத்திரை அட்டையில் மில்லிகிராம் சரிதானா என்று போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவான். தம்பி, இப்போது எங்கே வேலை பார்க்கிறாய் என்று தெரியாது. உன் அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அக்கா எங்கள் வீட்டைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தாமல் போனதே இல்லை. "முருங்கக்கா எளசா வந்துக்கீது, எடுத்துக்கோமா" என்று கீழிருந்து கத்துவார், தெருவுக்கே கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எதிர்வீட்டு ஜன்னல்கள் மறுபடி திறந்தன என்று நான் நம்புகிறேன்.

பால் போட்ட தம்பி ஒருநாளும் தவறவில்லை. கேட்டில் மாட்டிய பையில் ஆவின் பாக்கெட்டைப் போட்டு மணியை அடித்துவிட்டுப் போவார். ரேஷன் கடைக்காரர்கள் ஏப்ரலில் வீடு வீடாக டோக்கன் கொடுத்து, நாளும் நேரமும் எழுதி, 1000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் தள்ளுமுள்ளு இல்லாமல் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக் குப்பையைத் தனியாக எடுத்துப் போன தூய்மைப் பணியாளர்களுக்கும் சேர்த்தே இந்தக் கடிதம்.

மார்ச் 22 சாயங்காலம் நாமெல்லாம் வாசலில் நின்று கைதட்டினோம். மே 3ஆம் தேதி மருத்துவமனைகள் மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூ தூவினார்கள். டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் அது தகும், இன்னும் செய்யலாம். ஆனால் தினம் நூறு பேர் நிற்கிற கடையில், மூன்றடி அகலக் கல்லாவுக்குப் பின்னால், காலையிலிருந்து நின்றவருக்கு யாரும் ஒரு துண்டுகூடப் போர்த்தவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் நல்லபடியாகத் திரும்பி வந்தார். மாமியார் அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்து, கடைசிவரை அந்த ரஸ்க்கைத்தான் காப்பியில் தொட்டுச் சாப்பிட்டார்.

தெருக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அண்ணாச்சியின் பழைய கணக்கு நோட்டில் அந்த வருஷத்துப் பாக்கி இன்னும் சில பக்கங்கள் அடிக்கப்படாமல் இருக்கின்றன. யார் பெயர் என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார். அப்போது கையில் இல்லாதவர்களுக்கு இப்போது வசதி வந்திருக்கலாம். நினைவிருப்பவர்கள் கடைக்குப் போய்க் கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்பார், கல்லாவில் வைத்துவிட்டு வாருங்கள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குக் கடை வாசலில் அவருக்குச் சால்வை போடுகிறோம். அக்காவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அவருக்கும் ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன். எல்லோரும் வாருங்கள்.

அன்புடன்,
மாடி வீட்டம்மா