வேலி போடுமுன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. முழங்கால் இப்போது தேவலை, அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். நீ எழுதிய ஒரு வரிதான் தாமதத்துக்குக் காரணம்: "நிலத்தைச் சுற்றி வேலி அடைத்து, ஆடு மாடு நுழையாமல் விட்டுவிடப் போகிறேன். மிச்சத்தை இயற்கை பார்த்துக்கொள்ளும்." பத்து வருடத்துக்கு முன்பென்றால் கம்பி வாங்க நானும் கூட வந்திருப்பேன். இப்போது தயங்குகிறேன். தயங்க வைத்தது ஒரு வண்ணத்துப்பூச்சி.

இங்கிலாந்தில் லார்ஜ் புளூ என்றொரு நீல வண்ணத்துப்பூச்சி அருகிக்கொண்டே வந்தது. வலையோடு அலைந்த சேகரிப்பாளர்கள் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். அவர்களைத் தடுக்க ஓரிடத்தில் வேலிகூடப் போட்டார்கள். அங்கேயும் பூச்சி மறைந்தது. 1970களில் ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் அதைக் கவனித்து விஷயத்தைப் பிடித்தார். இதன் புழு முதல் சில வாரங்கள் தைம் என்ற சிறு வாசனைச் செடியின் பூவைத் தின்னும். பிறகு தரையில் விழுந்துவிடும். ஒரு வகைச் சிவப்பு எறும்பு, தன் குஞ்சென்று நினைத்து அதைப் புற்றுக்குத் தூக்கிப்போகும். உள்ளே போன விருந்தாளி பத்து மாதம் போல எறும்புக் குஞ்சுகளையே தின்று வளரும்! (நம் விடுதி அறைத் தோழன் ஒருவன் உனக்கு நினைவு வரவில்லையா?)

அதிலும் ஒரே ஒரு எறும்பினத்தின் புற்றில்தான் புழு நன்றாகப் பிழைக்கிறது. அந்த எறும்புக்கோ தரை நன்றாகச் சுட வேண்டும், புல் ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் வளரக் கூடாது. மேய்ச்சல் குறைந்தது, 1950களில் நோய் வந்து முயல்களும் செத்தன. புல் உயர்ந்தது, மண் குளிர்ந்தது, எறும்பு போனது. வேலி மாட்டையும் வெளியே நிறுத்திவிட்டது, பார்! 1979இல் பூச்சி இங்கிலாந்திலேயே அற்றுப்போனது. காரணம் தெரிந்த பிறகு மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, 1983 முதல் அதே பூச்சியினத்தைச் சுவீடனிலிருந்து கொண்டுவந்து அங்கே விட்டார்கள். இன்று மறுபடி பறக்கிறது.

பரத்பூர் சங்கதி இதைவிடக் கசப்பு. ராஜஸ்தானில் இருக்கும் அந்த ஊரின் கேவலாதேவ் பறவைகள் சரணாலயத்தில் 1982இல் எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்த்த மக்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு சொன்னது வேறு: எருமைகள் தின்றுவந்த பாஸ்பாலம் புல் ஆழமில்லாத நீரையெல்லாம் மூடிவிட்டது, நீர்ப்பறவைகளுக்குத்தான் நஷ்டம். எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுத்திருந்தால் என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

உன் நிலத்தில் மேய்ச்சல் நல்லதென்றும் நான் சொல்லவில்லை. அளவு மீறி மேய்ந்து பாழான நிலங்கள் ஏராளம். பாதியை மட்டும் அடைத்துப் பார். இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி நாலைந்து கட்டம் போட்டு, மாதம் ஒருமுறை உள்ளே என்னென்ன செடி, எத்தனை, புல் எவ்வளவு உயரம் என்று நோட்டில் எழுது. ஒரு வருடத்தை நம்பாதே. மழை ஒன்றே எல்லாவற்றையும் மாற்றிக் காட்டும். பெயர் தெரியாத செடியைப் படம் வரைந்து அனுப்பு, சேர்ந்து தேடலாம். உன் ஓவியத்தில் வாழையும் பனையும் ஒன்றாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

கம்பிக்கு முன்பணம் இன்னும் கொடுக்கவில்லைதானே?

அன்புடன்,
ராகவன்