அந்தக் கதை மண்டபம் வரைக்கும் வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஆப்பிரிக்க அடிமை வணிகம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் 1833-இல் பிரிட்டன் ஒழிப்புச் சட்டம் போட்டதோடு கதையை முடித்துவிட்டீர்கள், அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

அந்தச் சட்டப்படி 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தார்கள். யாருக்கு? முதுகொடியக் கரும்பு வெட்டியவர்களுக்குச் சல்லிக்காசு கிடையாது, அத்தனையும் முதலாளிகளுக்கு. அதற்கு வாங்கிய கடன் தீர்ந்தது 2015-இல். அடிமைகளின் வம்சத்தில் வந்து லண்டனில் வேலை பார்ப்பவர்கள் கட்டிய வரியும் அதில்தான் போயிருக்கிறது!

சரி, நம்ம ராமநாதபுரம் சீமைக்கு இதில் என்ன? விடுதலையானவர்கள் தோட்டத்தை விட்டு வெளியேற, மேற்கிந்தியத் தீவுகளில் காப்பி விளைச்சல் சரிந்தது. அந்தச் சந்தையைப் பிடிக்க இலங்கையில் மலைக்காட்டை அழித்துக் காப்பி நட்டார்கள். ஆள் வேண்டுமே, மழை பொய்த்த நம் சீமை ஒரு கடல் தாண்டினால் இருக்கிறது. தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி முன்பணத்தோடு வந்தான். இந்தக் கரையில் தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாகக் கால்நடையாகவே மாத்தளைக்கும் கண்டிக்கும் போனார்கள், வழியில் காலராவில் விழுந்தவர்கள் ஏராளம். வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமா, கடனை எழுதிய 'துண்டு' வேண்டும், அந்தக் கடனைப் புதுத் தோட்டம் ஏற்க வேண்டும். ஆளோடு கடனும் போகும். இந்தத் துண்டு முறையை 1921-இல்தான் ஒழித்தார்கள்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அட்லாண்டிக்கில் ஏற்றப்பட்ட சுமார் 1.25 கோடிப் பேரில் ஏறக்குறைய 18 லட்சம் பேர் கப்பலிலேயே செத்தார்கள், கரை சேர்ந்த பெண்ணின் வயிற்றுப்பிள்ளை பிறக்கும்போதே முதலாளியின் சொத்து. நம் ஆட்களுக்கு அந்தக் கதி இல்லை. ஆனால் அங்கே காலியான இடத்தை நிரப்பும் ஓட்டத்தில்தான் இவர்களும் தோணி ஏறினார்கள்.

பஸ்ஸில் 'மண்டபம் கேம்ப்' என்று டிக்கெட் கேட்கிறோமே, சிலோன் தோட்டத்துக்குப் போகிறவர்களை நிறுத்திவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடம் அது. தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா திருப்பி ஏற்பதாக இலங்கையோடு போட்ட 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் அவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து இறங்கியதும் இங்கேதான். என் அப்பத்தாவின் அண்ணன் திரும்பவே இல்லை. அடுத்த முறை இதைப்பற்றி எழுதுகிறவரை ஒரு நடை இந்தப் பக்கம் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மண்டபம்